ஏழரையா, ஒன்பதரையா?

போன வாரம் ஆழ்வார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். எண்ணெயில் மசால் வடை விழுந்த வாசனை வந்தது பாருங்கள், எனக்கு உடனே சர்ச் கமிட்டி ஞாபகம். சிரிக்காதீர்கள். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கமிட்டி கூடினால், வடை வராமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறியதில்லை. வடை வாயில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். மற்ற நேரமெல்லாம் எல்லோரும் பேசுவார்கள், கேட்பது கர்த்தர் ஒருவர்தான்.

இது பல வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தவன். செயலாளராக யார் வருகிறீர்கள் என்று கேட்ட நேரம் பார்த்து, தலையைச் சொறியக் கையைத் தூக்கினேன், செயலாளர் ஆகிவிட்டேன். கூட்டத்தில் பேசுவதை எழுதுவது என் வேலை. எழுதியதைவிட வடை தின்றதே அதிகம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள், அதுவும் உண்மைதான்.

அந்த வருஷம் பெரிய சண்டை ஆராதனை நேரத்தைப் பற்றியது. ஆற்றோரம் குடியிருந்த எங்கள் சபைக் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லி, பெருங்குடியையும் தாண்டி எங்கோ அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஏழரை மணி ஆராதனைக்கு அவர்களால் வந்து சேர முடியவில்லை. அந்தக் குடும்பங்களின் சார்பாகக் கமிட்டியில் இருந்தவர் செல்வி அக்கா. தெருத்தெருவாக மீன் விற்பவர், குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். ஒன்பதரைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் சபையை விட்டே போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். எதிர்ப் பக்கம் தேவசகாயம் சார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மனைவி தவறிய பிறகு மந்தைவெளியில் தனியாக இருந்தவர், ஆராதனையில் கீர்த்தனையைத் தொடங்கி வைப்பவர். அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே ஏழரை, ஆகவே உலகம் முடியும் வரை ஏழரை.

"பைபிள்ல ஏழரைன்னு போட்டுக்கீதா சார்?" என்பார் அக்கா.

"ஒன்பதரைன்னு போட்டிருக்கா?" என்பார் சார்.

கூட்டத்துக்குக் கூட்டம் இப்படியே ஓடியதில் ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. மயிலாப்பூர்ப் பக்கம் ஐயர் என்றால் நீங்கள் வேறு யாரையோ நினைப்பீர்கள். நாங்கள் எங்கள் போதகரைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டார். "சார் பக்கத்து நியாயத்த செல்வி சொல்லணும். செல்வி பக்கத்து நியாயத்த சார் சொல்லணும். 'ஆமா, அதேதான்'னு எதிராளி ஒத்துக்கணும். அப்புறம்தான் ஓட்டு, அப்புறம்தான் வடை." ஒருவரை ஒருவர் அன்போடு கேளுங்கள் என்று வருஷக்கணக்காகப் பிரசங்கம் செய்தும் நடக்காததை வடை நடத்திவிடும் என்று மனிதர் நம்பினார்.

அக்கா எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாருக்கு இன்னான்னா, எல்லாம் பழையபடியே இருக்கணும்."

"இல்லை," என்றார் சார்.

"எங்க ஆளுங்ககூட ஒக்கார புடிக்கல."

"தப்பு! பெரிய தப்பு!" சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்றுக்கொண்டு போகையில் என்னென்னவோ கண்ணில் பட்டிருக்கும் போல. குரல் இறங்கியது. "சார் வூட்ல யாரும் இல்ல. வாரம் பூரா பேசறதுக்கு ஆள் கெடயாது. சனிக்கெழமயே சட்டையத் தேச்சு மாட்டி வச்சிக்கினு, எப்படா விடியும்னு ஒக்காந்துகினு கீறாரு. ஒம்போதரைன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் அந்தச் செவுத்தப் பாத்துக்கினு கெடக்கணும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமாம்மா. அதேதான்."

அடுத்தது சார். வகுப்பெடுக்கிற மாதிரி ஆரம்பித்தார். "போக்குவரத்து வசதிக் குறைவு காரணமாக..."

"அது இல்ல சார்."

யோசித்தார். "நீங்க லேட்டா உள்ள வர்றப்ப எல்லாரும் திரும்பிப் பாக்கறோம். நான் பாட்ட நிறுத்திட்டே பாத்திருக்கேன். வீடுதான் போச்சு, இப்ப கோயில்லயும் நம்ம எடம் போச்சேன்னு ஒனக்குத் தோணியிருக்கும். ஒங்க அப்பா அம்மா கல்யாணமே இங்கதானம்மா நடந்துச்சு."

அக்கா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வடைக்காக இல்லை, சத்தியமாக.

ஐயர் ஸ்தோத்திரம் சொல்லித் தட்டை நகர்த்திவிட்டு ஓட்டெடுப்புக்கு வைத்தார். சார் ஒன்பதரைக்குக் கை தூக்கினார். அக்கா ஏழரைக்குக் கை தூக்கினார்.

"ஏம்மா, ஒனக்காகத்தான தூக்கறேன், கைய எறக்கு!"

"நீங்க எறக்குங்க சார்! நாங்க எப்டியாச்சும் வந்துக்கறோம். இன்னா, கொஞ்சம் முன்ன எழுந்துக்கணும், அவ்ளோதான!"

"முடியாது. ஒன்பதரைதான்!"

"ஏழரைதான்!"

மறுபடியும் மேசையைத் தட்டல், மறுபடியும் கூச்சல், கமிட்டியில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். ஐயர் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்தக் கூத்தை எப்படி எழுதுவது என்று நான் அவரைப் பார்த்தேன்.

கடைசியில் எட்டரை. இரண்டு பேருக்கும் சரிப்படாத நேரம். எட்டரைக்கும் பஸ் பிந்தத்தான் செய்தது. சார் என்ன செய்வார் தெரியுமா, வாசல் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு கீர்த்தனையின் பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடுவார். சபையும் கூடவே பாடியாக வேண்டும். மழை நாளில் பல்லவி பாடியே எங்களுக்குத் தொண்டை கட்டிவிடும். அக்கா தன் கூட்டத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் சரணம். "இன்னா சார், ஜவ்வு மாதிரி இந்த இழு இழுக்கறீங்க?" என்று ஆராதனை முடிந்ததும் வம்புக்கு நிற்பார் அக்கா, சாருக்கென்று தூக்குவாளியில் கொண்டுவந்த மீன் குழம்பை நீட்டியபடியே. அதற்கும் சார் பதிலுக்குப் பதில் பேசுவார்.

சார் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆராதனை நேரத்தையெல்லாம் இப்போது வாட்ஸப் குழுவில் கட்டைவிரலைத் தூக்கி முடிவு செய்கிறோம். ஒரு நாள் நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் ஏழரை என்று முடிந்திருந்தது. யாரும் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவு சமாதானம். மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன். இப்போது வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சபைக்குப் போகிறாராம்.

"அங்க எப்படிக்கா, நல்லா பாத்துக்கறாங்களா?"

"நல்லாதான் பாத்துக்கறாங்கோ தம்பி. நான் இன்னா சொன்னாலும் சரி சிஸ்டர், சரி சிஸ்டர்ன்றாங்கோ." போனை வைக்கும் முன் சொன்னார்: "என்னாண்ட சண்ட போடத்தான் ஒருத்தரும் இல்ல."