வாப்பாவின் இடைவார்

வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குப் புறப்படுமுன் உதுமான் நானா ஆணியில் தொங்கும் பழைய இடைவாரை எடுப்பார். நாலு விரல் அகலப் பச்சைத் தோல். கைலிக்கு மேல் அதைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டு, கொக்கி எந்தத் துளைக்கு வருகிறது என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பிறகு கழற்றி ஆணியிலேயே மாட்டிவிடுவார். ஒரே ஒரு துளை இழுபட்டு நீண்டிருந்தது. அவருடைய வாப்பா ருக்னுதீன் மாட்டிய துளை.

மலாயாவில் பெக்கான் நானாஸ் என்ற ஊரில் நானாவின் சாப்பாட்டுக் கடையைத் தொடங்கியவர் ருக்னுதீன். பருத்த மனிதராம். 1910இல், பன்னிரண்டு வயது மகனைக் காட்டி, "இந்த ஈர்க்குச்சியா எம்புள்ள?" என்று மனைவி மீரா பீவியிடம் கேட்டுவிட்டு நாகூருக்குக் கப்பலேறினார். திரும்பவில்லை. மகன் எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை.

மீரா பீவி நெய்யும் முட்டையுமாக ஊட்டிப் பார்த்தார். "திங்கிறதெல்லாம் எங்கடா போவுது?" என்று அழுவாராம். இருபது வயதிலும் அந்த வார் உதுமானை ஒன்றரைச் சுற்று சுற்றியது.

முப்பதுக்குமேல்தான் உடம்பு மாறியது. அதே சோறு, அதே மீன்குழம்பு. வயிறு மட்டும் வருஷத்துக்கு வருஷம் முன்னால் வந்தது.

"நானா, கொஞ்சம் உள்ள இழுங்க லா, தட்டு வைக்க இடமில்ல!" என்று லாரிக்காரன் காளியப்பன் கத்துவான். நானாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

"எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான்" என்பார்.

1935இல் ஒரு வெள்ளிக்கிழமை, கொக்கி அந்த நீண்ட துளையில் போய் விழுந்தது. நானா வாரைக் கழற்றவில்லை. மூலை மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, பாத்தீங்களா? இனிமே எம்புள்ள இல்லேன்னு அவரு சொல்ல முடியாதுல்ல?"

தலையை ஆட்டினேன். அடுத்த மாதம் வாரைக் கட்டியபடியே சிங்கப்பூர் போய் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்.

அவர் போன பத்தாம் நாள், ருக்னுதீனோடு இளவயதில் ஒரே கப்பலில் வந்த நாகூர்க்காரர் சுப்ஹான் கடைக்கு வந்தார். நானா எங்கே என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ருக்னுதீனா? முப்பத்திரண்டு வயசு வரைக்கும் அவனே எலும்புக்கூடுதானே தம்பி. காத்தடிச்சா கடல்ல விழுந்துடுவான்னு கப்பல்ல கயித்தால கட்டி வெச்சோம். அவன் வாப்பாவும் அப்படித்தான், பின்னாலதான் பெருத்தாரு. அதெல்லாம் ருக்னுதீனுக்கு நல்லாத் தெரியும்."