லேபிளில் இல்லாத வரி

கேரளத்தில் கள்ளிக்காடு என்ற ஊரில் ஒரு பெண் ஏதோ ஜூஸ் கலக்குகிறாளாம். காலையில் ஒரு கிளாஸ் குடித்தால் ரத்தத்தில் ஓடும் டென்ஷன் ஹார்மோன் சாயங்காலத்துக்குள் பாதியாகிவிடுமாம். டாக்டர்மாரே ஆளனுப்பி வாங்குகிறார்களாம். ஷார்ஜாவில் என் அறையில் கூட இருக்கும் நிஜினுக்கு அவன் மனைவி சொன்னது. அவளுக்கு டியூஷன் டீச்சர் சொன்னது.

"உனக்க ஊருதானே ரதீஷே, நாட்டுல இருந்து வாறவன்கிட்ட ரெண்டு குப்பி சொல்லி விடேன்" என்றான்.

பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெண் என் அக்கா சௌதாமினி. செய்முறையை ரீல்ஸில் பார்த்து அவளுக்கு அனுப்பியவன் நான். ஆரஞ்சுச் சாறு, இளநீர், ஒரு சிட்டிகை உப்பு. கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா நூறு நாள் வேலையில் மேட். பதினெட்டுப் பெண்களுக்கு வருகை எடுத்து, நெய்யாறு கால்வாய்க் கரையில் புதர் வெட்ட வைப்பவள். வேலை இல்லாத மாதங்களில் அவர்களில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு குடும்பஸ்ரீ மகளிர் குழு யூனிட்டில் ஊறுகாயும் சிப்ஸும் போடுவாள். இந்த ஜூஸையும் போட்டுப் பார்த்தாள். கோட்டுகால் கடற்கரை ரிசார்ட் ஒன்றின் மேனேஜர் சஜன் குடித்துவிட்டு, தினமும் அறுபது குப்பி வேண்டும் என்றார். ஒரே நிபந்தனை: 'மன அழுத்த ஹார்மோனைக் குறைக்கும்' என்று லேபிளில் இருக்க வேண்டும்.

பள்ளியில் தமிழும் மலையாளமும் படித்தவன் என்பதால் லேபிள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டிலும் அந்த வரியை எழுதிப் பத்து நிமிடத்தில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எலே, இது உள்ளதா?"

"நெட்ல எல்லாரும் போட்டிருக்காவ அக்கா."

"நெட்டு கெடக்கட்டு. உனக்குக் குடிச்சு கொணம் உண்டா?"

"ரெண்டு மாசமா குடிக்கேன். சாயங்காலம் படபடப்பு அடங்குதுல்லா."

"சரி. நான் ஒண்ணு பாக்கேன்."

அவள் பார்த்த விதம் இது. பத்தரை மணி இடைவேளையில் பதினெட்டுப் பேரின் போனையும் வாங்கித் தன் பையில் போட்டாள். ஒன்பது பேருக்கு ஜூஸ், ஒன்பது பேருக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி. பத்து நிமிடம் ரப்பர் மர நிழலில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் வருகை எடுக்கும்போது, ராத்திரி உறங்கினாயா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு நோட்டில் குறிப்பாள்.

"அவளுவளுக்கு ஓரஞ்சு, எனக்குக் கஞ்சித்தண்ணியா? நான் குத்தின ஓட்டு தெரிஞ்சு போச்சோ?" என்று புஷ்பபாய் சண்டைக்கு வந்திருக்கிறாள். யூனிட்டில் இருக்கும் ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. நூறு நாளும் முடியப் போகும் நேரத்தில் ரிசார்ட் ஆர்டர் யாரையும்விட அவளுக்கு அவசியம்.

வாரம் முடிந்தபோது நன்றாக உறங்கியவர்கள்: ஜூஸில் ஆறு பேர், கஞ்சித்தண்ணியில் ஏழு. அடுத்த வாரம் ஒன்றுமே கொடுக்காமல் சும்மா உட்கார வைத்தாள். பதினெட்டில் பதின்மூன்று பேர் உறங்கியிருந்தார்கள். உறங்காதவர்கள் பேருக்கு நேரே காரணமும் எழுதியிருந்தாள். 'ஓடு ஒழுகிற்று.' 'மாமியார் வந்திருக்கு.'

அதோடு நிற்காமல் சுகாதார நிலையத்து டாக்டரையும் போய்க் கேட்டாள். அந்த ஹார்மோன் விடியற்காலையில் ஏறி, பிறகு தானாகவே இறங்கி, ராத்திரி அடியில் கிடக்குமாம். காலையில் எதைக் குடித்தாலும் சாயங்காலம் பெயர் அதற்குத்தான் கிடைக்கும். இந்த ஜூஸ் அதைக் குறைக்கும் என்று உருப்படியான ஆராய்ச்சி ஒன்றும் இல்லை என்றாராம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீர் ஆபத்தாகலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

"அப்ப எனக்கு அடங்குறது?" என்று கேட்டேன்.

"குடிச்சிட்டு என்ன செய்வ?"

"பால்கனியில கொஞ்ச நேரம் இருப்பேன்."

"போன்?"

"உள்ள சார்ஜ்ல கெடக்கும்."

"போன் இல்லாம சும்மா இருக்கியல்லா, அதாக்கும்" என்றாள்.

நான் விடவில்லை. "ஒரு வரிதானே அக்கா. அஞ்சு பேருக்குச் சோலி."

"அந்த ஒரு வரிய நம்பி ஒருத்தன் மருந்த நிறுத்தினா? குப்பியில நம்ம யூனிட்டு பேரு உண்டுல்லா மக்கா."

பின்னாலிருந்து புஷ்பபாயின் குரல் கேட்டது. "கஞ்சித்தண்ணி குடிச்சு நல்லா உறங்கினேன்னு நோட்டுல சொன்னவளே நான்தான். இனி எப்பிடி மாத்திப் பறைய?"

என் வரியை அடித்துவிட்டு அக்கா சொன்னபடி புதிதாக எழுதினேன்: 'ஆரஞ்சு, இளநீர், உப்பு. தாகத்துக்கும் ருசிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.' அதைப் பார்த்து சஜன் சிரித்தாராம். "சேச்சி, இத வாசிச்சிட்டு யாரு குடிக்கும்?" ஆனாலும் முதலாளியிடம் கேட்டு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சொல்வதாகச் சொன்னாராம்.

நிஜினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப குறையாதா?" என்று முகம் தொங்கிப் போனான். "குறையும்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல. எனக்க அக்கா பதினெட்டுப் பேர வச்சுப் பாத்தவளாக்கும்" என்றேன். அன்றைக்கே ஆபீஸில், கேட்காதவர்கள் மூன்று பேரிடமும் அதைச் சொன்னேன். வேலை இருக்குமா போகுமா என்று குனிந்தே நடந்த இடத்தில், அன்று நிமிர்ந்து நடந்தேன்.

இன்று வெள்ளி. எனக்கு விடுமுறை, வீடியோவில் இருக்கிறேன். அக்காவின் முன்னால் ஐஸ் பெட்டியில் சாம்பிள் குப்பிகள். ஊரில் பதினொன்றரை ஆகிவிட்டது. சஜன் அழைக்கவில்லை. தன் போனில் நான் இருப்பதால், அக்கா புஷ்பபாயின் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அவரை அழைத்தாள்.

"எடுக்கல்லியா?" என்றேன்.

"அடிக்குதுலே. நீ ஏன் பறக்க?"

லேபிள் வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி புஷ்பபாய் அசையாமல் நிற்கிறாள். அக்கா அடுத்த லேபிளை எடுத்து, குப்பியில் நேராக வைத்து, ஓரம் கிளம்பாதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.