நண்பனுக்காக நான் அடித்த கடிதம்

இரண்டாயிரத்து ஒன்று அல்லது இரண்டாக இருக்கும். அப்போது எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். நானும் என் நண்பனும் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம். அவன் அப்பா காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்தவர். இருவருக்கும் அமெரிக்காவில் பி.எச்டி. படிக்க ஆசை. அதற்கு எழுத வேண்டிய ஜி.ஆர்.ஈ. தேர்வுக்குப் புத்தகம் எங்களிடம் ஒன்றுதான், அதுவும் ஜெராக்ஸ். ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இயற்பியலில் அவன் கால்தூசிக்கு நான் பெறமாட்டேன். ஒரு நாள் எங்கள் பேராசிரியரே கரும்பலகையில் பாதிக் கணக்கில் திணறி நிற்க, இவன் எழுந்து போய் இரண்டே வரியில் முடித்துக் கொடுத்தான். ஜி.ஆர்.ஈ. இயற்பியல் தேர்விலும் அவன் மதிப்பெண்தான் அதிகம். எனக்கு ஆங்கிலம் மட்டும் கொஞ்சம் கைவசம்.

விண்ணப்பத்தோடு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் போக வேண்டும். எங்கள் கல்லூரியில் அதை மாணவனே எழுதிக்கொண்டு போவான், அவர் கையெழுத்துப் போடுவார். அதுதான் வழக்கம். லெட்டர்ஹெட் தாள்களைக் கொடுத்து, இரண்டு பேரும் அடித்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

"என் இங்கிலீசு கலீஜா கீது மாமு. நீயே ரெண்டையும் அடிச்சிடு" என்றான் நண்பன்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். முதலில் எனக்கு. இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு மாணவனைப் பார்த்ததில்லை என்று கூசாமல் எழுதினேன். அடுத்து அவனுக்கு. இருவரும் ஒரே இடங்களுக்குத்தானே விண்ணப்பிக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. கடின உழைப்பாளி, ஒழுக்கமானவன், நேரம் தவறாதவன் என்று அடித்தேன். கரும்பலகையில் நடந்ததையும் சேர்க்கக் கை போனது. சேர்க்கவில்லை.

பேராசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்திலும் கையெழுத்திட்டார். நண்பனும் படிக்கவில்லை. கடிதத்தைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால்தான் மதிப்பார்கள் என்று அவனுக்குச் சொன்னதும் நான்தான்.

மார்ச்சில் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து இருவருக்கும் பதில் வந்தது. எனக்கு இடமும் உதவித்தொகையும். அவனுக்கு இடம் மட்டும். உதவித்தொகை இல்லாமல் அவன் விசாவுக்கே போக முடியாது. மற்ற இடங்கள் கையை விரித்துவிட்டன. அவன் அப்பா என் தோளைத் தட்டி, "நீயாச்சும் போறியே நைனா, சந்தோசம்" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் விமானம் ஏறினேன்.

ஆங்கில மதிப்பெண்தான் அவனைக் கவிழ்த்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வருடம் கழித்து அங்கே மாணவர் சேர்க்கைக் குழுவில் உதவிக்கு என்னை உட்கார வைத்தார்கள். கடின உழைப்பாளி என்று மட்டும் சொல்லும் கடிதம் வந்தால், சொல்ல வேறொன்றும் இல்லை போலிருக்கிறது என்று ஓரமாக வைத்தார்கள்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது சொல்லிவிடுவது என்றே போனேன். அவன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலையாக இருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். கூட இருந்தவரிடம், தனக்கும் அமெரிக்காவில் சீட் கிடைத்தது, அதற்கு லெட்டர் அடித்தது இவன்தான் என்று பெருமையாகச் சொன்னான். பிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பினான்.

"அன்னிக்கி என்னப் பத்தி இன்னா மாமு எழுதின?"

"நல்லாத்தான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற லாரியைப் பார்க்கப் போனான்.

இன்று வரை அவனிடம் சொல்லவில்லை. பெயர் போடாமல் இங்கே எழுதத்தான் தைரியம் வந்திருக்கிறது. அதுவும் இது அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன் என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.