சுருளில் நல்ல பிள்ளை

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு இடைவெளி அக்கா என்று பெயர். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓட ஒரு வழிக்குப் பதிலாக ஏழு வழிகளை அமைப்பது அவள் வேலை. வழிகள் நெருங்கினால் ஒன்றில் போகும் ஒளி பக்கத்து வழியில் கசியும். தள்ளி வைத்தால் இழை தடித்து, வளைக்கும்போது ஒடியும். கூட்டத்துக்குக் கூட்டம் இன்னும் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்று மல்லுக்கு நிற்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவள் கணவன் கடலடியில் கேபிள் போடும் கப்பலில் இழைகளை ஒட்டுகிறவன். ஒரு தடவை போனால் அரை வருஷம் ஆளைப் பார்க்க முடியாது. கண்டம் விட்டுக் கண்டம் பேச ஊருக்கெல்லாம் வழி செய்து கொடுத்தவள், வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பாள்.

இந்த முறை அவளுடைய ஏழு வழி இழையே முதன்முதலாகக் கடலுக்குப் போகிறது. கேபிள் துறைமுகத்தில் தயார், ஏற்றுவதுதான் பாக்கி. விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்த கணவனும் அதே கப்பலில்தான் கிளம்ப வேண்டும். காலையில் பல் துலக்கும்போது அவளுக்குச் சுருக்கென்றது. கசிவை அளந்ததெல்லாம் சுருளில் சுற்றிய இழையில். இறுக்கமாக வளைந்திருக்கும்போது இழை நல்ல பிள்ளையாக இருக்கும், கசிவு அமுங்கிவிடும். கடலடியில் நீட்டிப் படுத்தால்தான் சுயரூபம் தெரியும். அனுபவசாலிகளே சறுக்கும் இடம் அது. அவளும் சறுக்கியிருந்தாள். கணவனிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

மேலாளர் முகத்தைச் சுளித்தார்.

"இப்பப் போய் சொல்றீங்களே. கெட்டிருந்தா கப்பல் கிளம்பாது. உங்க வீட்டுக்காரரும் கிளம்ப மாட்டார். நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"சொல்றவங்க சொல்லட்டும் சார். அளந்து பாத்துடலாம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு வேறு கணக்குப் போட்டது. கெட்டிருந்தால் கேபிளை மறுபடி செய்ய வேண்டும். அவன் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பான். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரியும். பெற்ற பிள்ளை தேர்வில் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தாயைப் போல, தன் இழை கசிய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வெட்கங்கெட்ட ஆசைதான். ஆனாலும் ஆசைப்பட்டாள்.

மிச்சமிருந்த இழையைச் சுருளிலிருந்து அவிழ்த்து, இறுக்கம் போக, கிடங்குத் தரையில் அகல அகலமான வளையங்களாக விரித்தார்கள். ஒரு வழியில் ஒளியை விட்டு, மற்ற வழிகளில் கசிவை அளந்தாள். கசிவு ஏறியது. ஏறி, அனுமதித்த அளவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. நம்பாமல் வழிகளை மாற்றி மாற்றி அளந்தாள். எதுவும் மாறவில்லை, அவ்வளவு ஒழுங்காகச் செய்து தொலைத்திருந்தாள்.

கிடங்கு வாசலுக்கு வந்து கணவனைக் கூப்பிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"நல்லாத்தாங்க இருக்கு. கசிவு அளவுக்குள்ளதான்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கோவிச்சுக்காதே. காலையில நீ சொன்னதுலேர்ந்து, அது கெட்டுப் போயிருக்கணும்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். தானும் அதையே நினைத்ததாகச் சொன்னால் அங்கேயே அழுதுவிடுவாள்.

"துணியெல்லாம் எடுத்து வைங்க, வந்துடறேன்" என்று போனை வைத்துவிட்டு, மேலாளரிடம் போனாள்.

"ஏத்தச் சொல்லுங்க சார்."