சாரலை நம்பிக் கழற்றிய உறை

இலஞ்சியில் என் மதினி வீட்டு மாமரத்தைச் சாலை அகலப்படுத்துவதற்காக வெட்டினார்கள். மதினியின் வீட்டுக்காரர், காலமான அண்ணாச்சி, கல்யாணமான வருஷம் நட்ட மரம் அது. வெட்டுவதற்கு முன்னால் நர்சரிக்காரரை வைத்து அதன் குச்சிகளை எடுத்து, நான்கு நாட்டு மாங்கன்றுகளில் ஒட்டுக் கட்டினாள் மதினி. "நீதான் டீச்சராச்சே, பாத்துக்க" என்று நான்கையும் என்னிடம் தந்துவிட்டாள். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்று நானும் வாங்கி வைத்தேன்.

ஒட்டுக்கு மேலே, ஈரம் காயாமல் இருக்கப் பாலித்தீன் உறை. உள்ளே செம்பு நிறத்தில் கொழுந்து வந்திருந்தது. ஒரு நாள் காலை குற்றாலத்துச் சாரல் எங்கள் வாசல்வரை வந்தது. சாரல் விழுந்துவிட்டால் இங்கே யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுமில்லை, மூடி வைப்பதுமில்லை. நானும் நான்கு உறைகளையும் உருவிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. சாரல் போன இடம் தெரியவில்லை. கணவாய்க் காற்று மட்டும் ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. நான் கரும்பலகையில் இலைத்துளை வரைந்துகொண்டிருந்தேன். "காத்து வாங்கத் திறக்கிற அதே வாசல் வழியாத்தான் இலை தண்ணியையும் வெளிய விடும்" என்று சொல்லி வாய் மூடவில்லை, உறையில்லாமல் விட்டுவந்த கன்றுகள் ஞாபகம் வந்தன. அடிப்பாவி! அந்த ஒட்டு இன்னும் சரியாகச் சேரவில்லையே! கீழிருந்து தண்ணீர் ஏறாது, மேலே கொழுந்து தன்னிடம் இருப்பதையும் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பெர்மிஷன் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். நான்கும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. தண்ணீர் தெளித்து, உறையை மாட்டி, நிழலுக்கு இழுத்தேன். மதினியிடம் மூச்சு விடவில்லை.

மூன்று குச்சிகள் கருகிவிட்டன. நான்காவது கன்றில் இருபது நாள் கழித்துப் பச்சையாக ஒரு தளிர் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் மதினியே வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒங்க அண்ணாச்சி மரம் துளுத்துட்டுல்லா!" குனிந்து இலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இது ஒண்ணு போதும்."

தளிர் ஒட்டுக்குக் கீழே வந்திருந்தது. அது நாட்டுக் கன்றின் தளிர். மேலே இருந்த அண்ணாச்சி மரத்துக் குச்சியை நான் காலையிலேயே நகத்தால் கீறிப் பார்த்திருந்தேன். உள்ளே பச்சை இல்லை.

"மதினி, அது அந்த மரம் இல்ல" என்றேன். "அந்த மரத்த நான் கொன்னுட்டேன்."

அவள் கன்னத்திலிருந்து இலையை எடுக்கவில்லை.

"இத ஏன் எங்கிட்ட சொன்ன?" என்றாள்.