ஏகாம்பரத்தின் கழுத்தில் கிடந்த பென்டிரைவ்

ஏகாம்பரம் போய்விட்டான்... நெஞ்சுவலி.

காலையில் அவன் தம்பி பாபு போட்ட மெசேஜைக் கண்ணாடி இல்லாமல் பார்த்து, வழக்கமான குட்மார்னிங் என்று நினைத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் அது அப்படியே கிடந்தது. குரூப்பில் பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நானும் அவனும் ஒரே லைனில் வேலை. லைனை மூடியதும் மண்ணூரில் ஷெட் போட்டு, சின்னதாக ஒரு சிஎன்சி ரூட்டர் வாங்கினோம். பலகையில் பெயர், பூ, சாமி படம் எல்லாம் செதுக்குகிற மிஷின்.

ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். அதனாலேயே அவனை "மாப்ளே" என்று கூப்பிடுவேன். அவனுக்கு நான் "தலீவரே".

அந்த மிஷினுக்கு ஒரு கன்ட்ரோலர் உண்டு, டிவி ரிமோட்டுக்கு அண்ணன் மாதிரி. டிசைனை பென்டிரைவில் ஏற்றி அதில் சொருக வேண்டும். சொருகினால் படிக்காது. அதுதான் அதன் வேலை.

முதல் நாள் புத்தம்புது பென்டிரைவ். கன்ட்ரோலர் ஒன்றுமே காட்டவில்லை. ஏகாம்பரம் அதை உருவி, லுங்கியில் துடைத்து, வாயால் ஊதினான்.

"இன்னா மாப்ளே, அடுப்பா பத்த வெக்கிற?"

"கம்முனு இரு தலீவரே. அதுக்கு மூச்சு முட்டிக்கினு கீது."

ஸ்ரீபெரும்புதூர் மொபைல் கடைக்காரர்தான் சொன்னார். இந்தக் கன்ட்ரோலருக்குப் பெரிய பென்டிரைவ் ஆகாது, பழைய சின்னது வேண்டும், ஃபேட் தர்ட்டி டூ என்று ஃபார்மேட் பண்ண வேண்டும் என்று. பழைய சின்னது அவரிடமே இல்லை. எந்தக் கடையிலும் இல்லை.

கடைசியில் எப்போதோ ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த ஒன்று இவன் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. சொருகியதும் படித்தது. இரண்டு பேரும் கன்ட்ரோலரைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

அன்றைக்கே அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். யாராவது பாட்டு ஏற்றிவிடுவார்களாம்.

"தாலி ஏறிடுச்சா மாப்ளே?"

"ஆமா தலீவரே. மிஷினுக்கு வாக்கப்பட்டுட்டேன், வுடு."

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கன்ட்ரோலரில் கட்டம் கட்டமாக வரும். எங்களுக்கு இங்கிலீஷ் தகராறு. அதனால் 1, 11, 111 என்று ஒன்றாகவே அடுக்கிக்கொண்டு போவான். எது எந்த டிசைன் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மண்ணூரில் ஒரு ஹவுஸ் ஓனரிடம் வாடகைக்கு வீடு கேட்டான். ஃபேமிலிக்கு மட்டும்தான் என்று அனுப்பிவிட்டார். ஷெட்டிலேயே பாயை விரித்துக்கொண்டான். கொஞ்ச நாளில் அதே மனிதர் எங்களிடமே போர்டு செய்ய வந்தார். 'பேச்சுலர்களுக்கு வீடு இல்லை' என்று வேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முடியாதுன்னு சொல்லி அனுப்பு மாப்ளே."

"வுடு தலீவரே. போர்டு இன்னா பாவம் பண்ணுச்சு? சுத்தி பூ பார்டர் போடட்டா?"

போட்டான்.

இன்று காலை வாலாஜாபாத்தில் பாபு வீட்டுக்குப் போனேன். பாபு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ணா, நாலு மணிக்கு எடுக்கறோம். ஊருக்கெல்லாம் பேரு வெட்னான். வூட்டு வாசல்ல அவன் பேரு மாட்டணும்னு ரொம்ப ஆசை அவனுக்கு, மாட்ட ஒரு வூடு அமையல. ஒரு போர்டு வெட்டிக் குடுணா, வண்டிலயாவது கட்லாம்."

வெட்டலாம். பென்டிரைவ் அவன் கழுத்தில் இருக்கிறதே.

மாலைக்கு அடியில் கையை விட்டுக் கயிற்றைத் தேடினேன். அவன் சின்னம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"யார்யா நீ? பொணத்து கழுத்துல இன்னா கழட்டற?"

"செயின் இல்லமா... பென்டிரைவு."

அங்கே அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் கொஞ்ச நேரம் அழவில்லை.

திரும்ப மண்ணூர். டிசைன் போடுகிற கடையில் அவன் பெயரை ஏற்றிக் கொடுத்தார்கள், அவன் வழக்கப்படியே இன்னொரு ஒன்று சேர்த்து. ஷெட்டில் இருந்தது ஒரே ஒரு தேக்குப் பலகை. அதை மாட்டி, பென்டிரைவைச் சொருகினேன். படிக்கவில்லை. உருவி, வேட்டியில் துடைத்து, ஊதினேன்.

படித்தது.

வரிசையாக ஒன்று ஒன்று ஒன்று... கண்ணாடி சாவு வீட்டிலேயே கிடந்தது. கண்ணைச் சுருக்கி எண்ணினேன், அழுத்தினேன், மிஷின் ஓடியது. வெளியே போய் உட்கார்ந்தேன்.

சத்தம் நின்றதும் உள்ளே போய்த் தூசியைத் தட்டிப் பார்த்தேன். ஹவுஸ் ஓனர் போர்டு.

வேறு பலகை இல்லை, நேரமும் இல்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கம் மார்க்கரில் ஏகாம்பரம் என்று பெரிதாக எழுதினேன். எனக்குக் கையெழுத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் பெயர்.

எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். கயிற்றைப் பாபுவிடம் நீட்டினேன். "உன்கிட்டயே இருக்கட்டும்ணா" என்றான். இப்போது என் கழுத்தில் கிடக்கிறது. அரிக்கிறது.

போய்ட்டு வா மாப்ளே... என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தேன்.

போர்டை வண்டியின் பின்பக்கம் கட்டியவர் செதுக்கிய பக்கம்தான் முன்பக்கம் என்று நினைத்துவிட்டார். சுடுகாடு வரைக்கும் எல்லோரும் 'பேச்சுலர்களுக்கு வீடு இல்லை' என்று படித்துக்கொண்டே வந்தோம். பூ பார்டர் நன்றாக விழுந்திருந்தது.