மூன்றாவது நினைவூட்டல்

மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில். வரவில்லையென்றால் நினைவூட்டல் – ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கும் அசையவில்லையா? நேரில் போய் ஆய்வு.

முப்பத்தாறு வருடம் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு செக்‌ஷனை மேய்த்த அரசு ஆபீஸ் சூப்பிரண்டு நான். ரிட்டயரான பிறகு இந்த விதி எனக்கே தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

மனுதாரர் நான், கொரட்டூர். எதிர்த்தரப்பு சாமுவேல், பருத்திப்பட்டு. ரயிலில் ஆவடியில் இறங்க வேண்டும், ஐந்தாவது ஸ்டேஷன்.

சாமுவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் பட்டாபிராமில் ஏறுவான். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் போடுவான். கொரட்டூர் வரும்வரை அந்தப் பைக்காக எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பானோ! பிறகு சென்ட்ரல் வரை பேச்சு. மாலையில், விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச்சு. என்னதான் பேசினோம்? ஒன்றும் ஞாபகமில்லை. ரயில் சத்தத்துக்கு மேலே ஏறி ஒலிக்கிற அந்தக் கட்டைக் குரல் மட்டும் காதில் இருக்கிறது.

ரிட்டயரானோம். அவன் மகனோடு பருத்திப்பட்டு ஃபிளாட்டுக்குப் போனான். இருவர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு சாமுவிடமிருந்து ஒரு பூ வரும் – ரோஜா, தாமரை, ஏதாவது ஒன்று. நான் ஒரு கும்பிடு போடுவேன்.

ஓய்வூதியர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேர்காணலுக்குப் போய், உயிரோடிருப்பதைக் காட்டவேண்டும். சாமு தினமும் காட்டினான். பூ வந்தால் ஆள் நலம். நானே சான்றளித்து, நானே ஃபைல் செய்தேன். இப்படியே ஒரு வருடம்… ஒருநாள்கூட அவன் குரலைக் கேட்காமல்.

நேரமில்லையா? நிறைய இருந்தது. பதினோரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறேன். முகம் தெரியாத ஒருவரோடு ஓய்வூதிய விதி பற்றி மூன்று நாள் வாதாடி ஜெயித்திருக்கிறேன்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு வேலையாக ரயிலில் போனேன். ஒரு பெண் பக்கத்து சீட்டில் பையை வைத்து, "ஆள் வராங்க" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். வில்லிவாக்கத்தில் அவள் தோழி ஏறினாள். பை மடிக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் சாமுவுக்கு எழுதினேன்: "ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஏரிக்கரைப் பூங்காவில் சந்திக்கலாமா? பேசி ரொம்ப நாளாயிற்று."

சற்று நேரத்தில் நீல டிக் விழுந்தது. ஆக, ஒப்புகை வந்துவிட்டது. மறுநாள் காலை – ரோஜா. பதில் இல்லை.

முறைப்படி ஒரு மாதம் பொறுத்து, முதல் நினைவூட்டல். நீல டிக். மல்லிகை. இரண்டு வாரம் கழித்து இரண்டாவது, சற்று விரிவாக, பழைய ரயில் கதைகளோடு. நீல டிக். சூரியகாந்தி!

மூன்றாவதை நாலு முறை அழித்து அழித்து எழுதினேன். "பதில் போட மனமில்லையென்றால் இந்தப் பூக்களையும் நிறுத்திவிடலாம்." அனுப்பிய உடனே அழித்துவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் டிக் நீலமாகிவிட்டது.

மறுநாள் தாமரை வந்தது.

"அந்த போன்ல பேசவும் முடியுமாமே," என்றாள் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே. படித்துவிட்டுப் பதில் போடாதவனுக்கு நானாகப் போன் செய்வதா? கௌரவம்! பத்து நாள் வீம்பாக இருந்தேன். பிறகு ஆவடிக்கு ரயில் ஏறினேன்.

சாமுவின் மருமகள் கதவைத் திறந்தாள். காதில் ஹெட்செட், ஏதோ மீட்டிங். புன்னகைத்து, பால்கனியைக் கை காட்டினாள். மகன் இன்னொரு அறையில் இன்னொரு ஹெட்செட்டோடு இருந்தான். பால்கனியில் ஏரியைப் பார்த்தபடி சாமு. எதிரில் போய் நின்றேன். என் முகத்துக்குச் சற்று அந்தப் பக்கம் பார்த்து, "யாரு?" என்றான்.

"கொரட்டூர்."

"சூப்ரண்டா? இன்னா இவ்ளோ லேட்டு?"

அதே கட்டைக் குரல். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சர்க்கரை கண்ணில் இறங்கியிருக்கிறது. ஊசி போடுகிறார்களாம். யாரோ அனுப்புகிற பூவை அழுத்திப் பிடித்து, அம்புக்குறியைத் தொட்டால், மேலே இருக்கிற நாலு பேருக்குப் போய்விடும் – விரல் பழக்கம். "பூ தெரியுது. எழுத்துதான் எறும்பு மாரி ஓடுது."

யாரையாவது படிக்கச் சொல்லக் கூடாதா என்றேன்.

"யாராண்ட சொல்றது? ஊட்ல எல்லாரும் அவங்கவங்க போன்ல கீறாங்க. நீ வேற பெருசு பெருசா அனுப்பிகினே இருந்த. சரி, இவ்ளோ எழுதறான்னா சூப்ரண்டு நல்லாத்தான் கீறான்னு வுட்டுட்டேன்."

அவனுடைய பூவை நான் சான்றிதழாக வைத்துக்கொண்டேன். என்னுடைய நினைவூட்டலை அவன் சான்றிதழாக வைத்துக்கொண்டான். இரண்டு ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள்… வேறென்ன செய்வோம்?

போனை நீட்டி, எழுதியதைப் படிக்கச் சொன்னான். மனுவைப் படித்தேன். முதல் நினைவூட்டல், இரண்டாவது. ரயில் கதைகளுக்கு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

முப்பத்தாறு வருட சர்வீஸில் நான் எந்தக் காகிதத்தையும் மறைத்ததில்லை.

"ரைட்டிங்ல கேட்டுகீற. ரூல்படி பதில் வரும், போ," என்றான். கிளம்புமுன் என் புரொஃபைல் படத்தை மாற்றினேன். இனி அவன் போனில் நான் ஒரு பெரிய சிவப்புச் செம்பருத்தி. அதைத் தொட்டு, எந்த மூலையை அழுத்தினால் எனக்கு மணி அடிக்கும் என்று நாலு முறை அவன் விரலைப் பிடித்துக் காட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பூ வரவில்லை. ஆறு ஐந்து. வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டேன்.

ஆறு பத்துக்கு போன் அடித்தது.

"பார்க்கு பெஞ்சுல பையை வச்சு இடம் போட்டுகீறேன். ரெண்டு பேர் வந்து கேட்டுட்டாங்க. சீக்கிரம் வா."

மனு அனுப்பியது ஜூன் இரண்டு. பதில் கிடைத்தது ஆகஸ்ட் பதினேழு.